இரிடியம் பிளக் போட்டவர்கள், சாதாரண பிளக்கோடு நின்றவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

காலைப்பனி

ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. சோக் இழுத்தாலும் காலையில் நாலைந்து உதை இல்லாமல் உயிர் வராது. ஐட்லிங்கும் தள்ளாடும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நடு மின்முனையின் விளிம்பெல்லாம் தேய்ந்து மழுங்கிப்போயிருந்தது. "நடு முனை இரிடியம் உலோகத்தில் செய்த பிளக் போட்டுவிடுங்கள், வண்டியே மாறிவிடும்" என்றார். போட்டேன். மறுநாள் முதல் உதையிலேயே கிளம்பியது. பார்த்தவர்களிடமெல்லாம் இரிடியம் புராணம் பாடிக்கொண்டு திரிந்தேன்.

உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. என் மைத்துனரிடம் அதே மாடல், அதே கோளாறு. அவர் கையேட்டில் போட்டிருக்கும் சாதாரண நிக்கல் பிளக்கையே புதிதாக வாங்கி மாட்டினார். பக்கத்திலேயே நின்றேன். முதல் உதையில் வண்டி எழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அவ்வளவுதான்.

விடுவேனா? இரண்டு பிளக்கையும் கழற்றி, கேப்பில் செருகி, சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து வைத்து, விளக்கை அணைத்துவிட்டு உதைத்துப் பார்த்தோம். இரிடியத்தில் பொறி மெலிதாக, ஒரே இடத்தில் நீலமாக விழுந்தது. சாதாரண பிளக்கில் ஓரத்துக்கு ஓரம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது, ஓட்டினால் தெரியவில்லை. அப்படியானால் நான் கூடுதலாகக் கொடுத்த காசு எதற்கு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுவழி

விளக்கை அணைத்துப் பார்த்த பொறியை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது நண்பரே. வெளிக்காற்றில் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டுவது மின்சாரத்துக்குச் சுலபம். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டு அடர்ந்து கிடக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு மின்னழுத்தம் வேண்டும். வெளியே அழகாகப் பொறி விடும் பிளக், உள்ளே போனதும் பேசாமல் இருந்துவிடும். இன்னொன்று: பிளக் துளை திறந்திருக்கும்போது உதைத்தால் அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். அதன் அருகிலேயே பொறியை வைத்துக்கொண்டு இருட்டில் வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். தீப்பிடிக்காமல் போனது உங்கள் நல்ல நேரம்.

என் கதை சிறியது. மலைமேல் ஒரு குளிர்காலக் காலை. பட்டன் ஸ்டார்ட் வண்டி, பேட்டரி ஏற்கெனவே தளர்ந்தது. மோட்டார் முனகுகிறது, வண்டி எடுக்கவில்லை. கூட வந்தவர் தன் பையிலிருந்த புதிய இரிடியம் பிளக்கைக் கொடுத்தார். மாட்டிவிட்டு பட்டனை அழுத்தினால், அதே முனகலோடு இரண்டாவது சுற்றில் எடுத்தது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி மின்னழுத்தம் சரியும், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலுக்குப் போவதும் குறையும். நிக்கல் பிளக்கின் நடு முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன். இரிடியத்தில் 0.4 முதல் 0.6 மி.மீ. தான். முனை கூராக இருந்தால் மின்புலம் அங்கே குவிந்து, குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவிவிடும். ஆகவே எல்லாம் சரியாக இருக்கும் வண்டியில் வேறுபாடு தெரியாது, தளர்ந்த வண்டியில்தான் தெரியும்.

கருப்புப்புகை

மேட்டுவழி சொல்வது புத்தகக் கணக்கு. அங்கேயும் பழைய பிளக்கைக் கழற்றிப் புதியதைத்தானே போட்டார்கள்? அந்த இடத்தில் புதிய நிக்கல் பிளக் இருந்திருந்தாலும் வண்டி எடுத்திருக்கும் என்றுதான் நான் சொல்வேன். காலைப்பனியின் மைத்துனர் காட்டியதும் அதுவே.

என்னிடம் இருப்பது டூ ஸ்ட்ரோக். எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்தே எரியும் வண்டி. நண்பர் ஒருவர் பரிசாகக் கொடுத்த இரிடியத்தைப் போட்டுக்கொண்டு செங்குத்தான ஏற்றத்தில் போனேன். கொண்டையூசி வளைவின் நடுவில் ஒரு திக்கல், இரண்டு திக்கல், பிறகு மௌனம். பின்னால் லாரி. தள்ளிக்கொண்டு ஓரம் கட்டி, சூடு பொறுக்காமல் துணியால் பிடித்துக் கழற்றினால், முனை முழுக்க ஈரமான கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு. சாதாரண பிளக் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டியிருப்பேன். இந்த மெல்லிய முனையில் பிரஷ் வைத்தால் முனையே போய்விடும். பெட்டியிலிருந்த பழைய நிக்கல் பிளக்தான் என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றிலிருந்து அதுவே. எண்ணெய் குடிக்கும் வண்டிக்கு விலை உயர்ந்த பிளக் வாங்குவது வீண் செலவு.

நான்குசிலிண்டர்

எல்லோரும் ஒற்றை சிலிண்டர்க்காரர்களாகவே பேசுகிறீர்கள். என் வண்டியில் பிளக்கைப் பார்க்கவேண்டும் என்றால் டேங்கைத் தூக்க வேண்டும், ஏர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், பிறகு ஆழமான குழிக்குள் நீளமான சாக்கெட்டை இறக்க வேண்டும். நடு இரண்டு சிலிண்டருக்கு மணிக்கட்டைத் திருப்பும் விதமே தனி வித்தை. முதல் தடவை கழற்றியபோது குழிக்குள் ஒரு சிறு கல் கிடப்பது டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. பிளக்கை எடுத்த மறுகணம் அது உள்ளே விழுந்திருக்கும். காற்றடித்து வெளியே எடுக்கும்வரை எனக்கு மூச்சே இல்லை. அந்த வேலையை அடிக்கடி செய்ய நான் தயாராக இல்லை. அதனால்தான் இரிடியம். சக்தி கூடும், மைலேஜ் கூடும் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டே அல்ல.

ஆனால் இரிடியம் என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஆயுள் தராது. சிலவற்றில் நடு முனை மட்டும்தான் இரிடியம், எதிரே வளைந்து நிற்கும் முனை அதே நிக்கல். அந்தப் பக்கம் தேய்ந்தாலும் இடைவெளி அகலத்தான் செய்யும். அங்கேயும் பிளாட்டினம் துண்டு பதித்தவை உண்டு. நெடுநாள் உழைப்பவை அவைதான்.

பழுப்புவளையம்

எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பிளக்கைக் கையில் கொடுத்து, "பாருங்கள், பீங்கானில் அறுகோணத்துக்கு மேலே பழுப்பாக வளையம் விழுந்திருக்கிறது, உள்ளிருந்து வாயு கசிகிறது, பிளக் போய்விட்டது, இனி இரிடியம்தான்" என்றார்கள். தயங்கிக்கொண்டே தலையாட்டினேன். பழையதைத் திருப்பிக் கேட்டால், குப்பையில் போட்டாயிற்று என்று பதில்.

அந்தப் பழுப்பு வளையம் கசிவே அல்ல. உயர் மின்னழுத்தம் பீங்கானைச் சுற்றி ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது, காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்கள் அதற்கு இழுபட்டுப் படிந்து கறையாகின்றன. கரோனா கறை என்பார்கள். பிளக்கின் வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. புதிய இரிடியத்திலும் இப்போது அதே வளையம் விழுந்திருக்கிறது!

அளவுகோல்

மரை போன சிலிண்டர் ஹெட்டோடு ஒரு பழைய வண்டி வாங்கினேன். முந்தைய உரிமையாளர் பிளக்கை முழு பலத்தோடு இறுக்கியிருந்தார். கழற்றும்போது அலுமினிய மரை சுருள் சுருளாகப் பிளக்கோடு வெளியே வந்தது. என் அனுபவம் இவ்வளவே.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உலோகம் எது என்பது கடைசிக் கேள்வி. முதலில் பார்க்கவேண்டியது வெப்ப எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண். வேகமாக வெளியேற்றுவது குளிர்ந்த பிளக், மெதுவாக வெளியேற்றுவது சூடான பிளக். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். பாஷ், சாம்பியன் இரண்டிலும் தலைகீழ், எண் ஏறினால் சூடான பிளக். நிறுவனம் மாறும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 850ஐத் தாண்டிப் போனால் பொறிக்குக் காத்திராமல் கலவை தானே பற்றிக்கொள்ளும் அபாயம். இரிடியம் போட்டாலும் இந்த எண் மாறக்கூடாது: என்ஜிகே சிஆர்8இ இருந்த இடத்தில் சிஆர்8இஐஎக்ஸ் போடுங்கள், இரண்டிலும் அந்த 8 அப்படியே இருக்கிறது. அதில் சி என்றால் 10 மி.மீ. மரை, ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர், இ என்றால் 19 மி.மீ. மரை நீளம். நீளம் கூடினால் பிஸ்டன் தலையில் இடிக்கக்கூடும்.

இறுக்குவதற்கு வருவோம். 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் விரலால் கடைசிவரை திருகிவிட்டு, புதிய வாஷரானால் ஸ்பேனரில் இன்னும் அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், சிறிது திருப்பினாலே போதும். மரைக்கு கிரீஸ், ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிப்பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) எதுவும் தடவாதீர்கள். வழவழப்பில் அதே அளவுக்கு இறுக்கினாலும் மரைமேல் விழும் இழுவிசை கூடிவிடும். எஞ்சின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், கருப்புப்புகை ஐயா போலத் துணியைச் சுற்றிக்கொண்டு அல்ல.

கருப்புப்புகை

வளைவில் லாரி ஹாரன் அடிக்கும்போது எஞ்சின் ஆறும்வரை நீங்கள் வந்து காத்திருங்கள் தம்பி. ஆன்டி-சீஸ் தடவாதே என்பதையும் நான் ஏற்கவில்லை. தடவாமல் விட்டு, அலுமினியத்தோடு ஒட்டிப்பிடித்து, உடைந்து வந்த பிளக்கை நான் பார்த்திருக்கிறேன்.

அளவுகோல்

அது அந்தக் காலத்துப் பிளக்குகளுக்கு. இப்போது வருபவற்றில் மரைக்கே முலாம் பூசித் தருகிறார்கள், ஒட்டிப்பிடிக்காமல் இருப்பதற்காகவே. என்ஜிகே நிறுவனமே தடவவேண்டாம் என்கிறது.

கடைவாசல்

பெட்டி திறந்ததும் வாஷர் தனியாகக் கழன்று கையில் விழுந்தது. "இரிடியம்" முனையோ சாதாரண பிளக்கைவிடச் சற்று மெலிது, அவ்வளவுதான். மரையில் பிசிறு. பீங்கானில் எழுத்து சாய்ந்து அச்சாகியிருந்தது. விற்றவர் அசல் என்றே சாதித்தார். அசலில் வாஷர் அவ்வளவு சுலபமாகக் கழலாதபடி நசுக்கி வைத்திருப்பார்கள். போலிகள் விலை உயர்ந்த பிளக்குக்குத்தான் அதிகம் வருகின்றன என்பது என் எண்ணம், லாபம் அங்கேதானே! நல்ல கடை கிடைக்காதவர்கள் அசல் நிக்கலோடு இருப்பதே மேல்.

காலைப்பனி

எல்லோருக்கும் நன்றி. வெப்ப எண்ணைப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தேய்ந்த நிக்கலையும் புதிய இரிடியத்தையும் ஒப்பிட்டு மெக்கானிக் என்னை நம்பவைத்தார், அது நியாயமான ஒப்பீடு அல்ல என்பது இப்போது புரிகிறது. நியாயமான ஒப்பீடு எது?

மேட்டுவழி

உங்கள் இரண்டு வண்டியும் ஒரே மாடல்தானே. இரண்டும் ஒரே தூரம் ஓடிய பிறகு கழற்றி இடைவெளியை அளந்து பாருங்கள். நிக்கலில் எவ்வளவு அகன்றிருக்கிறது, இரிடியத்தில் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள். வட்டக் கம்பி கேஜால் அளக்கவும், இரிடியம் முனைமேல் அழுத்த வேண்டாம். இடைவெளியைத் திருத்தவேண்டியிருந்தால் வளைந்த முனையை மட்டும் நகர்த்துங்கள்.