மறுநாளைப் பார்ப்பது வீட்டில் இருக்கும் நாம்தான்

என் மகனுக்கு இப்போது 29 வயது. டெங்கு வந்து போனதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக எழுந்திருக்கவே இல்லை. தட்டணுக்கள் ஏறிவிட்டன, காய்ச்சல் விட்டுவிட்டது, இனி நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, மாதுளை என்று யார் எதைச் சொன்னாலும் கொடுத்தோம், அவனும் சென்னைக்குப் போய் மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டான். பெருங்குடியில் ஆபீஸ், வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் ரூம். கொஞ்ச நாளிலேயே போன் வந்தது: "அம்மா, மாடிப்படி ஏறி இறங்கினா அன்னைக்கு ஒண்ணும் தெரியல, மறுநாள் கையைக் காலைத் தூக்க முடியல." அவன் அப்பாவும் நானும் போய் திருச்சிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

வளர்ந்த பிள்ளை படுத்துக் கிடக்க, ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வர, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

பரிசோதனைகள் எல்லாம் செய்தோம். தைராய்டு, ஃபெரிட்டின், பி12, ஈஎஸ்ஆர், ஏஎன்ஏ, கார்ட்டிசால், நெஞ்சுக்கு ஸ்கேன், தலைக்கு எம்ஆர்ஐ. வைட்டமின் டி மட்டும் குறைவு என்று வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட் கொடுத்தார்கள், அது ஏறியது, உடம்பு ஏறவில்லை. ஆனாலும் எதையும் வீண் என்று சொல்ல மாட்டேன். ரத்தசோகை, தைராய்டு, காசநோய் இவை எல்லாமே இதே மாதிரி ஆளைப் படுக்கப் போடும், மருந்தும் உண்டு, அதனால் முதலில் அவற்றை இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் வேண்டும்.

எனக்கு வலித்தது வேறு. இருபத்தஞ்சு வயது தாண்டிய பையனைப் பார்த்து "லவ் ஃபெயிலியரா தம்பி?" என்று கேட்டார் ஒரு டாக்டர். இன்னொருவர் அவனைப் பார்க்காமலே என்னிடம், "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்கம்மா, சரியாயிடும்" என்றார். மனநல மருத்துவரிடம் போகச் சொன்னபோது அவன் மறுப்பே சொல்லாமல் வந்தான். அங்கேதான் முதல் முறையாக ஒருவர் சரியான கேள்வி கேட்டார்: "நாளைக்கே உடம்பு சரியாயிட்டா முதல்ல என்ன செய்வீங்க?" அவன் அடுக்கிக்கொண்டே போனான். கிரிக்கெட், ஆபீஸில் பாதியில் விட்ட பிராஜெக்ட், நண்பர்களோடு வால்பாறை, முக்கொம்பு வரைக்கும் பைக்கில் ஒரு ரவுண்டு. இவ்வளவு ஆசை இருக்கிற பையனுக்கு இது மனச்சோர்வு மட்டும் என்று என்னால் எழுத முடியாது, ஒரு நல்ல பொது மருத்துவரைப் பாருங்கள் என்று அவரே கடிதம் கொடுத்தார். அந்த மனிதரை நினைத்து இன்றைக்கும் நான் கும்பிடுகிறேன்.

நடுவில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இந்த நோய் புரியும். என் அண்ணன் மகள் கல்யாணம். போயே தீருவேன் என்றான், முடிவை அவனிடமே விட்டேன். முந்தின நாள் முழுக்கப் படுத்துச் சக்தியைச் சேர்த்து வைத்து, வேட்டி சட்டை கட்டி, மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சிரித்துப் பேசினான், மேடை ஏறி போட்டோவும் எடுத்துக்கொண்டான். "நல்லாத்தானே இருக்கான், நீ என்னமோ சொன்ன" என்று அத்தனை பேரும் என்னைக் கேட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை அவன் கையில் கொடுத்தேன், அவனால் பிடிக்க முடியவில்லை, விரல் நடுங்கி டம்ளர் சாய்ந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். தொண்டையில் வலி, கழுத்தில் நெறி கட்டியிருந்தது, ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு வார்த்தை கிடைக்காமல் தேடினான். கல்யாண வீட்டில் பார்த்த யாரும் இதைப் பார்க்கவில்லை. டாக்டரும் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் என்பது அவன் எழுந்து நடக்க முடிகிற நாள்.

அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். இன்று என்ன செய்தான், மறுநாள் எப்படி, அதற்கு அடுத்த நாள் எப்படி, அவ்வளவுதான் அதில் இருக்கும். அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகு, மோசமான நாளில் போனில் சின்ன வீடியோவும் எடுத்தேன். அப்புறம் பார்த்த பொது மருத்துவர் அந்த நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார், வீடியோவைப் பார்த்தார். பிறகு அவனைப் படுக்க வைத்து நாடி பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி பத்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னார். கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் வாங்கி வைத்தோமே, அதே ஆக்ஸிமீட்டர்தான் விரலில். படுத்திருந்தபோது நாடி 74. நிற்க நிற்க ஏறி 118-க்குப் போனது, உதடு வெளுத்துவிட்டது, ரத்த அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. பெரியவர்களுக்கு எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30 அல்லது அதற்கு மேல் கூடி, அழுத்தம் இறங்காமல், தொல்லைகளும் பல மாதமாக இருந்தால் அதைப் 'பாட்ஸ்' என்கிறார்கள். அத்தனை ஸ்கேனிலும் பிடிபடாதது ஒரு சுவரில் பிடிபட்டது.

அதோடு அவர் சொன்ன பெரிய பெயர் மயால்ஜிக் என்செபலோமைலைடிஸ், க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோம் (நாள்பட்ட களைப்பு நோய்) என்றும் சொல்வார்கள், சுருக்கமாக எம்.இ./சி.எஃப்.எஸ். உலக சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் வைத்துவிட்டது. 2015-ல் அமெரிக்க நிபுணர் குழு கொடுத்த அடையாளங்கள் இப்படி: பழைய வேலைகளைச் செய்ய முடியாத களைப்பு ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும், சின்ன உழைப்புக்குப் பிறகும் உடம்பு மோசமாக வேண்டும், எவ்வளவு தூங்கினாலும் தூங்கி எழுந்த மாதிரி இருக்கக் கூடாது, கூடவே மூளை மந்தமோ, நிமிர்ந்து நிற்க முடியாமையோ இருக்க வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குவது பலரிடம் உண்டு. உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவன் அழுதான். பயத்தில் அழவில்லை, தான் பொய் சொல்லவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாரே என்று அழுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, ஜிம்முக்குப் போ என்று முன்பு ஒருவர் சொல்லி, அதைச் செய்யப் போய்த்தான் அவன் நடமாட்டத்திலிருந்து படுக்கைக்கு வந்தான். இங்கிலாந்தில் நைஸ் என்ற அமைப்பு முன்பு அப்படிப் படிப்படியான உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்து வந்தது, 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டியில் அதைக் கொடுக்கக் கூடாது என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கும் உழைத்த மறுநாள்தான் மோசமாகிறது என்றால் அந்த விஷயத்தைச் சொல்லாமல் எந்தப் பயிற்சியையும் ஆரம்பிக்க விடாதீர்கள்.

வீட்டில் இப்போது எல்லாம் அவன் சக்தியை வைத்துத்தான். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறான். டாக்டர் சொன்ன அளவில் உப்பு கூட்டி மோர், கஞ்சி, நார்த்தங்காய் (ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைப் பார்த்துச் செய்துவிட வேண்டாம், அவரவர் டாக்டரைக் கேளுங்கள்). மிக்ஸி சத்தம் அவனுக்கு ஆகாது, அதனால் சட்னியைப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கிறேன். மார்கழியில்தான் கஷ்டம், விடிய நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர், அதன் வாய் எங்கள் வீட்டைப் பார்த்து. போய்ப் பையன்களிடம் சொன்னேன். நோயின் பெயரெல்லாம் சொல்லவில்லை, தம்பிக்கு உடம்பு முடியலப்பா, சத்தம் தாங்க மாட்டேங்கிறான் என்றேன். அன்றைக்கே ஏறி ஸ்பீக்கரைத் தெற்கே திருப்பிவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள்தான் அந்தப் பையன்கள் அளவுக்குக்கூட இறங்கி வரவில்லை. ஆம்பளைப் பிள்ளையை இப்படி வீட்டில் படுக்க வைத்துச் சோறு போட்டால் எப்படி எழுந்திருப்பான் என்கிறார்கள். சமயபுரத்துக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, நானும் வேண்டிக்கொண்டேன். அவனை எதிரில் வைத்துக்கொண்டு சோம்பேறி என்று பேசுகிறவர்களை மட்டும் வீட்டுக்குள் விடுவதில்லை. என் கூடப் பிறந்தவராக இருந்தாலும் சரி.

அவன் குழந்தை இல்லை என்பதும் எனக்கு எப்போதும் நினைவில் இருக்கிறது. டாக்டர் அறையில் முதலில் அவன்தான் பேசுவான், வார்த்தை வராமல் என் பக்கம் திரும்பினால் மட்டும் நான் தொடருவேன். வேலையை ராஜினாமா செய்ததும் அவனே எடுத்த முடிவு. கையில் காசு இல்லாமல் ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் கேட்க அவன் கூசியதைப் பார்த்து, அவர் பென்ஷன் வந்ததும் ஒரு தொகையை அவன் கணக்கில் போட்டுவிடுகிறார், அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. போன மாதம் அதில் எனக்கு ஒரு புடவை ஆர்டர் செய்திருந்தான்.

இப்போது ஒரு நாளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து லேப்டாப் பார்க்கிறான், முன்பு அதுவும் இல்லை. எங்களுக்கு எழுபது நெருங்குகிறது, அடுத்து என்ன என்ற கேள்வி ராத்திரியில் வருகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, இந்த நோயின் பெயர் அதில் இல்லை, நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற ஒரு வகை மட்டும் இருக்கிறது. அந்த வகையின் கீழ் யாராவது தங்கள் பிள்ளைக்கு விண்ணப்பித்து அடையாள அட்டை வாங்கியிருக்கிறீர்களா? மருத்துவக் குழு முன்னால் என்னென்ன கேட்டார்கள், எந்தக் காகிதத்தை ஏற்றுக்கொண்டார்கள், படுக்கையில் இருப்பவர்களை நேரில்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார்களா என்று விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். எங்களுக்குத் திருச்சி மாவட்டம்.