பனிச்சறுக்கு ஜாக்கெட்டின் சீம் டேப் உரிகிறது, கொழும்பில் எங்கே ஒட்டலாம்?

வணக்கம். ஏப்ரலில் சுவிஸில் இருக்கும் அண்ணாவோடு செர்மாட்டுக்குப் பனிச்சறுக்கப் போகிறேன், என் ஜாக்கெட் தையல் வழியே தண்ணீரை உள்ளே விடுகிறது. 2018இல் சூரிச்சில் வாங்கியது, நைலோன் துணி, நீர்த்தடை 10,000 மில்லிமீட்டர் (அவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்ற அளவு). வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு, அலுமாரியில்தான் தொங்கியது. இப்போது எடுத்துப் பார்த்தால் தோளிலும் கக்கத்திலும் தையலை மூடிய டேப் பிசுபிசுவென்று விரலோடு வருகிறது. துணி இன்னும் நன்றாகவே இருக்கிறது.

மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தேன், ஆறியதும் எழும்பிவிட்டது. நீர் விலக்கும் ஸ்ப்ரேயும் அடித்தேன், அது வெளித்துணிக்கு மட்டும்தான், தையல் ஓட்டையை அடைக்காது. புறக்கோட்டையில் பை தைப்பவர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

நடுக்குளிர்காலம் என்றால் சமாளிக்கலாம், காய்ந்த பனி தட்டினால் போய்விடும். ஏப்ரலில் காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும் பனி மத்தியானம் குழைந்துவிடும், விழுந்தால் நேரே ஈரம்தான், அந்த ஈரத்தோடு மறுபடி கேபிள் காரில் 3,883 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றில் விறைத்துவிடும். சுவிஸ் விலைக்குப் புதிது வாங்க எனக்குக் கட்டாது.

ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: சூடான காற்று மெஷினில் சீம் டேப்பைப் புதிதாக ஒட்டி, ஒரே ஒரு ஜாக்கெட் என்றாலும் செய்து தரும் இடம் கொழும்பிலோ பக்கத்திலோ எங்கே இருக்கிறது?