அலெர்ட் பாலிசிகளைக் கமாண்ட் லைனில் எடுத்துப் பார்ப்பது: அனுபவப் பகிர்வு

தஞ்சாவூர்:
ஐப்பசி மழை வலுக்குமுன் வாய்க்கால் நீர்மட்டச் சென்சார்களுக்கான அலெர்ட் பாலிசிகளை (எப்போது, யாருக்கு எச்சரிக்கை போகணும் என்ற விதிகளை) ஒருதடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கூகுள் கிளவுடின் கமாண்ட் லைனில் ‘ஜிகிளவுட் மானிட்டரிங் பாலிசீஸ் லிஸ்ட்’ (gcloud monitoring policies list) என்று அடித்தால் போதும், பட்டியல் வரும். பழைய பதிப்பில் ஜிகிளவுடுக்கு அடுத்து ‘ஆல்ஃபா’ சேர்க்கணும். ஒன்றுமே வரவில்லை என்றால் பாலிசி அழிந்துவிட்டது என்று பதறவேண்டாம். பெரும்பாலும் வேறு புராஜெக்டில் நிற்பீர்கள். பல புராஜெக்டைச் சேர்த்துக் கண்காணிப்பவர்களுக்குப் பாலிசி பொதுவாக ஸ்கோப்பிங் புராஜெக்டில் (மற்றவற்றையும் சேர்த்துக் கண்காணிக்கும் தலைமைப் புராஜெக்டில்) இருக்கும். அனுமதி இல்லை என்று வந்தால் மானிட்டரிங் வியூவர் ரோல் வாங்குங்கள், பார்ப்பதற்கு அதுவே போதும்.

கும்பகோணம்:
பெயரை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். பாலிசி ஐடியைக் கொடுத்து, முழு விவரம் காட்டும் ‘டிஸ்கிரைப்’ கமாண்டைப் போடுங்கள். ‘எனேபிள்டு’ ஃபால்ஸா (அதாவது பாலிசி நிறுத்தப்பட்டிருக்கிறதா), தகவல் போகும் வழியான ‘நோட்டிஃபிகேஷன் சேனல்ஸ்’ காலியா என்று பாருங்கள். சேனல் இல்லாவிட்டாலும் இன்சிடென்ட் (எச்சரிக்கைப் பதிவு) திறக்கும், ஆனால் யார் போனுக்கும் தகவல் போகாது. கோடையில் பராமரிப்புக்காக நிறுத்திய பாலிசி அப்படியே கிடப்பதைப் பிடிக்க, ஃபில்டரில் ‘எனேபிள்டு=ஃபால்ஸ்’ கொடுங்கள்.

மன்னார்குடி:
எந்த அளவைத் தாண்டினால் அலெர்ட் அடிக்கணும் என்ற ‘த்ரெஷோல்டு வேல்யூ’வில்தான் கண் வைக்கணும். உதாரணத்துக்கு, விஎம்மின் (கிளவுடில் ஓடும் மெய்நிகர் கணினியின்) சிபியு பயன்பாட்டைக் கம்ப்யூட் எஞ்சின் 0 முதல் 1 வரையான விகிதமாகத் தருகிறது. விஎம்முக்குள் நிறுவும் ஆப்ஸ் ஏஜென்ட் தருவது 0 முதல் 100. முதல் மெட்ரிக்குக்கு (கம்ப்யூட் எஞ்சின் தரும் அளவுக்கு) பாலிசியில் 0.8 என்று இருக்கவேண்டிய இடத்தில் 80 இருந்தால் அந்த அலெர்ட் ஒருநாளும் அடிக்காது. எந்தத் தப்பும் காட்டாமல் பாலிசி பச்சையாகவே நிற்கும். இதைவிட ஆபத்தானது வேறில்லை.

நாகப்பட்டினம்:
அண்ணே, கரண்ட் போய் சென்சாரே பேசாமல் போனால்?

மன்னார்குடி:
தம்பி, அதற்கு த்ரெஷோல்டை நம்பாதே. டிஸ்கிரைப்பில், அளவு வராமல் நின்றால் அடிக்கும் ‘கண்டிஷன் ஆப்சென்ட்’ இருக்கிறதா என்று பார். இருந்தால் ‘டியூரேஷன்’ எத்தனை வினாடி என்றும் பார். 1800s என்றால் அரைமணி. ஒருதடவைகூட அளவு அனுப்பாத புதுச் சென்சாருக்கு அது அடிக்காது. அதனால் பொருத்தியதும் அளவு வருகிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கரையேறணும்.

தஞ்சாவூர்:
பாலிசியின் மாற்றப் பதிவான ‘மியூட்டேஷன் ரெக்கார்டு’ பார்த்து யார், எப்போது மாற்றினார்கள் என்று தேடுபவர்கள் கவனிக்க: அந்த நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்). நம் நேரத்துக்கு 5:30 கூட்டணும். பாலிசியில் கை வைக்குமுன் ஜேசன் (JSON) வடிவ ஃபைலில் ஒரு நகல் எடுத்துவையுங்கள்.