பொருள்: சூரிய வெடிப்பின் ‘மகுட அலை’, சொல் சரியா?

> ஐயா, வணக்கம். சூரிய வெடிப்பிலிருந்து கிளம்பிக் கரோனாவில், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தில், ஒரு வெளிச்சம் பரவுகிறதே, அதற்கு ‘மகுட அலை’ என்று வைத்துவிடலாமா? தருமபுரியில் எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த வாரம் சொல்ல வேண்டும்.

வணக்கம் அம்மா. ‘மகுடம்’ நல்ல தேர்வு. கொரோனா என்றாலே பிள்ளைகளுக்கு இப்போது நோய்தான் ஞாபகம் வருகிறது. என் தயக்கமெல்லாம் ‘அலை’ மேல்தான்.

1960 வாக்கில் அமெரிக்க வானியலாளர் மோர்ட்டன், மகுடத்துக்குக் கீழே உள்ள நிறமண்டலத்தில் ஒரு பரவலைக் கண்டார். வேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில். மேலே மகுடத்தில் போகும் காந்த அலையின் அடிப்பகுதி கீழே உரசிப் போவதுதான் இது என்று 1968இல் ஜப்பானிய அறிஞர் உச்சிடா விளக்கினார். அப்புறம் 1997 மே 12 அன்று சோஹோ விண்கலத்தின் புறஊதாப் படங்களில், வெடித்த இடத்தைச் சுற்றி ஒரு வெளிச்ச விளிம்பு மகுடத்திலேயே வட்டமாக விரிந்தது. ஆனால் இவ்வகை விளிம்புகளின் வேகம் பெரும்பாலும் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர்தான். சண்டை அங்கே தொடங்கியது: இது அலையா, வெடித்துக் கிளம்பும் காந்தக்கட்டு (முறுக்கிய காந்தப்புலக் கற்றை) பக்கத்துப் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்ற வாயுவை, நெருக்குவதால் வரும் வெளிச்சமா?

நம் கிருஷ்ணகிரி அணையில் கல் விழுந்தால் வட்டம் விரியும், தண்ணீர் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். மதகைத் திறந்தால் தென்பெண்ணையில் தண்ணீரே ஓடும். அதற்கும் ஒரு முன்விளிம்பு உண்டு. படத்தில் இரண்டும் விளிம்புதான்.

2007 மே 19 வெடிப்பில் அந்த விளிம்பு ஒரு மகுடத் துளையில் (மகுடத்தில் பிளாஸ்மா அடர்த்தி குறைந்த இருண்ட பகுதி) மோதித் திரும்பியதை ஸ்டீரியோ விண்கலப் படங்களிலிருந்து கோபால்சுவாமி குழுவினர் காட்டினார்கள். துளைக்குள் அலைவேகம் சட்டென்று கூடும். அந்த எல்லையில் அலை திரும்பத்தான் செய்யும். அதைத் தாராளமாக ‘மகுட அலை’ எனலாம். ஆனால் சில வெடிப்புகளில் வேகமான அலை முன்னே போக, மெதுவான இன்னொரு விளிம்பு பின்னே வருகிறது. ஒரே சொல் இரண்டையும் தாங்காது. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ‘ஒளிமுகப்பு’ என்று வைப்போமா?

> ஐயா, இரண்டு சொல் வேண்டும் என்பது சரி. ஆனால் ‘முகப்பு’ வீட்டு வாசல் மாதிரி அசையாமல் நிற்கிறது. நீங்களே மடல் முழுக்க ‘விளிம்பு’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ‘விரிவிளிம்பு’ எப்படி?

வினைத்தொகை. விரிந்த, விரிகிற, விரியும் எல்லாம் அதற்குள் அடக்கம். என் ‘ஒளிமுகப்பை’ எடுத்துவிடுங்கள் அம்மா. தெரிவது விரிவிளிம்பு, அலை என்று உறுதியானால் மகுட அலை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.