பெட்டி 22 கிலோ வருகிறது, கூடுதல் கட்டணம் இல்லாமல் கொண்டுபோக வழி உண்டா? (அவசரம்)

முளகுமூட்டுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நாளை மறுநாள் காலையில் அம்மாவை விமானத்தில் மும்பைக்கு அழைத்துச் செல்கிறேன். தங்கைக்குப் பேறுகாலம். அம்மா கட்டி வைத்திருக்கும் பெட்டி 22 கிலோ வருகிறது. எதையாவது எடுத்து வெளியே வைத்தால் அடுத்த அரை மணி நேரத்தில் அது மறுபடியும் உள்ளே போய்விடுகிறது. மலிவுக் கட்டண விமானம்தான். கவுண்டரில் கிலோக் கணக்கில் தீட்டிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்திவிட்டுப் போனார். பணம் கட்டாமல் தப்பிக்க என்ன வழி என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

வடசேரி வாசகி

தம்பி, எந்த நிறுவனம், பயணச்சீட்டில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது, நீங்களும் அம்மாவும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கிறீர்களா, புறப்படுவது திருவனந்தபுரத்திலிருந்தா தூத்துக்குடியிலிருந்தா, இவற்றில் ஒன்றையுமே நீங்கள் எழுதவில்லை. இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்று

எடையைக் குறைக்க எளிய வழி உடுத்திக்கொண்டு போவதுதான். சென்ற முறை நான் இரண்டு சட்டை, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் பை வைத்த மேலங்கி என்று அணிந்து சென்றேன். மூன்று கிலோ வரை உடம்பிலேயே ஏறிவிட்டது. உடம்பை யாரும் எடை போடுவதில்லை.

தேங்காப்பட்டணத்தான்

மே மாதத்துத் திருவனந்தபுரத்தில் கம்பளிச் சட்டையா? அதுவும் வயதான அம்மாவுக்கா? ரயிலில் போங்கள், அண்ணாச்சி. நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேரடி ரயில் இருக்கிறது. சாதாரணப் படுக்கை வகுப்புக்கே ஆளுக்கு 40 கிலோ இலவசம். இரண்டு பேருக்கு 80 கிலோ. இப்போது கட்டி வைத்திருப்பதைப் போல் மூன்று பெட்டிகள் கொண்டுபோகலாம்.

முளகுமூட்டுக்காரன்

ரயிலில் அம்மாவுக்கு முதுகு தாங்காது, அதனால்தான் விமானம். திருவனந்தபுரத்திலிருந்து புறப்படுகிறோம். உள்நாட்டு விமானம், எல்லோருக்கும் உள்ள 15 கிலோதான். ஆக, 7 கிலோவுக்குத்தான் வழி கேட்கிறேன்.

பழைய பயணி

இதே கேள்விக்கு நான் இதுவரை எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. தேடிப் பார்க்கும் பழக்கம் நம் மக்களுக்கு வரவே வராது போலும். இருந்தாலும் சொல்கிறேன். "எல்லோருக்கும் உள்ள 15 கிலோ" என்று எதுவும் கிடையாது. பெட்டியே இல்லாமல் கைப்பையோடு மட்டும் பயணம் செய்பவர்களுக்குக் கட்டணச் சலுகை தரலாம் என்று 2021 பிப்ரவரியிலேயே சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அனுமதித்துவிட்டது. அப்படிப்பட்ட சீட்டை வாங்கியிருந்தால் உங்கள் இலவச அளவு 15 அல்ல, பூஜ்யம். முதலில் சீட்டைத் திறந்து, கட்டண வகை என்ற வரியைப் படியுங்கள். படித்த பின் வந்து கேளுங்கள்.

வடசேரி வாசகி

தகவல் சரியானது. அந்த முதல் வரி இல்லாமலும் அதைச் சொல்லியிருக்கலாம்.

ரப்பர்கடை அண்ணாச்சி

எந்தத் தராசில் 22 கிலோ வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. குளியலறைத் தராசின் மேல் பெட்டியைப் படுக்க வைத்தால் எண்ணே கண்ணில் படாது. ஓரமாக நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைக் காட்டும். நான் ரப்பர் ஷீட் எடை போட்டுப் பிழைப்பவன். என் பேச்சைக் கேளுங்கள்: பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள், பிறகு பெட்டியில்லாமல் ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். அல்லது பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை எதுவாக இருந்தாலும் கொண்டுபோய்க் கேளுங்கள். பெட்டி என்று சொன்னால் காசு வாங்க மாட்டார்கள்.

முளகுமூட்டுக்காரன்

அண்ணாச்சி சொன்னபடி கடையில் வைத்துப் பார்த்தேன்: 21 கிலோ 300 கிராம். வெறும் பெட்டி மட்டும் 4 கிலோ 100. என் தாத்தா காலத்துப் பெட்டி இது என்று நீங்கள் நினைத்தால், அது சரிதான்.

பழைய பயணி ஐயா சொன்னதையும் பார்த்தேன். என் சீட்டில் 15 கிலோ என்று தெளிவாக இருக்கிறது. அம்மாவின் சீட்டை என் சித்தி மகன் தன் கைபேசிச் செயலியில் எடுத்துக் கொடுத்தான். அதில் கைப்பை 7 கிலோ, செக்இன் பெட்டி 0 என்று இருக்கிறது. எண்ணூறு ரூபாய் குறைவு என்று அவன் பெருமையாகச் சொன்னதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. இனி என்ன செய்வது?

தேங்காப்பட்டணத்தான்

அப்படியானால் 7 கிலோ அல்ல, முழு 21 கிலோவுக்கும் கட்ட வேண்டும். ரயில் என்று நான் அப்போதே சொன்னேன்.

ஆரல்வாய்மொழிக் காற்று

பெட்டியை இரண்டு சிறிய பைகளாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் எடை குறைவாகத் தெரியும், கவுண்டரில் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பழைய பயணி

கண்டுகொள்வார்கள். ஒருவருக்கு ஒரே உருப்படிதான் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களில், மொத்த எடை 15-க்குள் இருந்தாலும் இரண்டாவது பைக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. தெரியாதவர்கள் யோசனை சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

வடசேரி வாசகி

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் சீட்டில் உள்ள 15 கிலோவில் நீங்கள் எதைக் கொண்டுபோகிறீர்கள்?

முளகுமூட்டுக்காரன்

ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் திரும்பி வருகிறேன், தோள்பை மட்டும்தான்.

வடசேரி வாசகி

அப்படியென்றால் பெட்டியை உங்கள் பெயரில் போடுங்கள். பெட்டி அம்மாவுடையது என்பதால் அம்மாவின் சீட்டில்தான் ஏற வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தனித்தனி பிஎன்ஆர் என்பதால் இருவரின் எடை அளவையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட மாட்டார்கள், ஆனால் உங்கள் 15 கிலோ உங்களுடையது. அதற்குள் என்ன இருக்கிறது, அதை யார் தின்னப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. உள்ளே இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்பதை மட்டும் நினைவில் வைத்து, உங்கள் கையாலேயே அடுக்குங்கள். மிச்சத்தை அம்மாவின் கைப்பையில் 7 கிலோவுக்குள் அடக்கிவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 115 சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஒரே பையாக அது இருக்க வேண்டும். பணம், கண்ணாடி வைத்துக்கொள்ளும் பெண்களின் சிறு கைப்பை இந்தக் கணக்கில் வராது. அப்படியும் மிஞ்சினால், கூடுதல் எடையை இன்றே நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்கிவிடுங்கள்; கவுண்டரில் கேட்கும் தொகையைவிட அது குறைவாகவே இருக்கும்.

அத்துடன், அம்மாவின் சீட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். முதலெழுத்தை விரித்து எழுதுவதில் நம் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் குழப்பம். நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்த சீட்டு என்றால் 24 மணி நேரத்துக்குள் சிறு எழுத்துப் பிழையை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். வேறு செயலி வழியாக எடுத்ததற்கு அந்தச் சலுகை இல்லை.

முளகுமூட்டுக்காரன்

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் சீட்டைத் திரும்பப் பார்க்கும்போது, கேட்காத பயணக் காப்பீடும் வசதிக் கட்டணம் என்று ஒன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. இவற்றைத் திரும்பப் பெற முடியுமா?

பழைய பயணி

முடியாது. பணம் கட்டும் பக்கத்தில் என்ன குறியிடப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் சொடுக்கியவர்தான் அதற்குப் பொறுப்பு. கேப்டன் கோபிநாத் 2003-இல் ஏர் டெக்கானைத் தொடங்கியபோதே இந்த முறை வந்துவிட்டது: இருக்கைக்கு மட்டும் விலை, தண்ணீர் வேண்டுமானால் வாங்கிக் குடி. அதனால்தான் ரயிலில் போனவர்கள் விமானத்தில் ஏற முடிந்தது. சாப்பாடும் வேண்டும், பெட்டியும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் எப்படி?

வடசேரி வாசகி

தண்ணீரை விற்பதில் எனக்குக் குறையில்லை. கேட்காத காப்பீட்டைக் கூடைக்குள் போடுவதுதான் குறை. பெட்டி, இருக்கைத் தேர்வு, உணவு போன்றவற்றைத் தனியாக விற்கலாம், ஆனால் பயணி தானாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே விற்க வேண்டும் என்பது தலைமை இயக்குநரகத்தின் விதியிலேயே இருக்கிறது. முன்கூட்டியே குறியிட்டு வைத்து வாங்க வைப்பதையும், விலையைச் சொட்டுச் சொட்டாகக் கடைசிப் பக்கம் வரை ஏற்றிக்கொண்டு போவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில் ஏமாற்று உத்திகளாகவே பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் ஏர் டெக்கான் உதாரணம் இங்கே பொருந்தாது.

பழைய பயணி

நெறிமுறை காகிதத்தில் இருக்கிறது. சித்தி மகனின் பணம் செயலியில் இருக்கிறது.

வடசேரி வாசகி

2022 ஜூலை வரை கவுண்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுத் தரவே சில நிறுவனங்கள் 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. பயணிகள் புகார் எழுதியதால்தான் அமைச்சகம் அதை நிறுத்தச் சொன்னது. படிக்காதவன் கட்டட்டும் என்று எல்லோரும் உங்களைப் போல இருந்திருந்தால், அதை இன்றும் கட்டிக்கொண்டிருப்போம்.

ரப்பர்கடை அண்ணாச்சி

இருவரும் பொறுங்கள். தம்பிக்கு நாளை மறுநாள் விமானம். தம்பி, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். எடை பிரிக்கும் வேலை எனக்குத் தெரிந்த வேலை.

முளகுமூட்டுக்காரன்

கருப்பட்டி 3 கிலோ, உளுந்து 2 கிலோ, வீட்டில் ஆட்டிய நல்லெண்ணெய் 2 லிட்டர், சுக்கும் பேறுகால மருந்துச் சாமான்களும் ஒன்றரை கிலோ, முந்திரிக்கொத்து ஒரு தகர டப்பா, மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், எண்ணெய்க்கென்று காய வைத்த கொப்பரை 2 கிலோ, குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலைத் துணிகள், அம்மாவின் உடைகள்.

ரப்பர்கடை அண்ணாச்சி

முதலில் பெட்டியை மாற்றுங்கள். துணியால் ஆன பயணப் பை ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அதிலேயே 3 கிலோ மிச்சம். எண்ணெய், ஊறுகாய், கருப்பட்டி, மருந்துச் சாமான், முந்திரிக்கொத்து எல்லாம் உங்கள் பெயரில் போகும் பையில். உளுந்து, சேலைத் துணி, உடைகள் அம்மாவின் கைப்பையில். எண்ணெயைப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மூடியின் மேல் பாலிதீன் வைத்து ரப்பர் பட்டை சுற்றி, கேனையே சேலைத் துணிக்குள் உருட்டி வையுங்கள். கொட்டினால் கட்டணத்தைவிடப் பெரிய சண்டை வீட்டில் வரும்.

தேங்காப்பட்டணத்தான்

கொப்பரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமே. மாலை போட்ட பக்தர்கள் திருவனந்தபுரத்திலேயே தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

பழைய பயணி

நீங்கள் பார்த்தது இருமுடித் தேங்காய். அதற்குச் சபரிமலைப் பருவத்துக்கு மட்டும் தளர்வு கொடுத்தார்கள்; 2024 அக்டோபரில் கொடுத்தது 2025 ஜனவரி 20 வரை. கொப்பரை வேறு. எண்ணெய்ப் பசையால் எளிதில் தீப்பற்றும் என்பதால், 2022 மார்ச்சில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் அதைத் தடை செய்யப்பட்ட பொருட்களில் சேர்த்துவிட்டது. கைப்பையிலும் ஆகாது, பெட்டியிலும் ஆகாது. வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஊடுகதிர்ப் பரிசோதனையில் கண்டு, பையைத் திறக்க உங்களைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் கவுண்டர் மூடிவிட்டால் சீட்டுப் பணமே போகும்.

வடசேரி வாசகி

இந்த விஷயத்தில் ஐயா சொல்வதை அப்படியே கேளுங்கள். கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தையும் களியக்காவிளை நெரிசலையும் மனத்தில் வைத்து வீட்டிலிருந்து கிளம்புங்கள். சங்குமுகம் பக்க முனையமா, சாக்கை பக்க முனையமா என்று சீட்டில் பாருங்கள். இரண்டும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் இருப்பதால், தவறிப் போனால் சுற்றிவர வாடகை வண்டிக்குத் தனிச் செலவு. அப்படியே விமானம் தவறிவிட்டாலும், பணம் திரும்பாத சீட்டு என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் அவர்கள் திருப்பித் தந்தாக வேண்டும்.

வலைவழிச் செக்இன் செய்யும்போது இருக்கைப் படம் வரும். அங்கே இலவச இருக்கை எதுவும் தெரியவில்லையென்றால் பதறிப் பணம் கட்ட வேண்டாம். தேர்வு செய்யாமல் கடந்து போகும் வழி ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும்; தானாக ஓர் இருக்கை ஒதுக்கப்படும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத்தான் பெற்றோர் ஒருவரின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அம்மாவைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்க இன்னும் விதி வரவில்லை.

ஆரல்வாய்மொழிக் காற்று

கைப்பை 7 கிலோவைத் தாண்டினால் சேலைத் துணிகளை அம்மா தோளில் போட்டுக்கொள்ளலாம். இதை மட்டுமாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

ரப்பர்கடை அண்ணாச்சி

தம்பி, கடைசியாக எவ்வளவு வந்தது?

ரப்பர்கடை அண்ணாச்சி

தம்பி?

முளகுமூட்டுக்காரன்

மன்னிக்கவும், மும்பை வந்து இரண்டு நாளாயிற்று, இப்போதுதான் எழுத முடிந்தது. என் பெயரில் போட்ட பை கவுண்டரில் 15 கிலோ 400 காட்டியது. ஒரு சில்லு கருப்பட்டியை எடுத்து என் தோள்பையில் வைத்தவுடன் ஒட்டுச்சீட்டை ஒட்டிவிட்டார்கள். அம்மாவின் கைப்பை 6 கிலோ 800. ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்டவில்லை. இருக்கை மட்டும் நான்காம் வரிசையிலும் இருபத்தாறாம் வரிசையிலும் அமைந்தது. காப்பீட்டுப் பணத்துக்குச் செயலிக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. அனைவருக்கும் நன்றி, தங்கையை இன்று மருத்துவமனையில் சேர்க்கிறோம், பிறகு எழுதுகிறேன்.

தேங்காப்பட்டணத்தான்

நல்லது. வீட்டில் எடுத்து வைத்த அந்த 2 கிலோ கொப்பரையை என்ன செய்தீர்கள்?