சல்லி போட்டும் மெஷின் ஓடல, உடுப்பு பூரா உள்ள, யாராச்சும் முழிச்சிருக்கீங்களா

பொகவந்தலாவ புள்ள:
அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் இலங்கையில இருந்து வந்து 9 நாள் தான் ஆகுது, பில்டிங்குக்கு கீழ சல்லி போடுற வாஷிங் மெஷின் இருக்கு, உடுப்பப் போட்டு சோப்புத் தூளும் போட்டுட்டு சல்லிய வச்சு தள்ளுறேன் தள்ளுறேன் உள்ள போகவே மாட்டேங்குது. காலையில 6 மணிக்கு வேலை, யூனிஃபார்ம் ஒண்ணே ஒண்ணு தான் அதுவும் உள்ள கெடக்கு. என்னா செய்றது?

ஹட்டன்காரன் லண்டன்:
தங்கச்சி பழைய வட்டப் பவுண்ட் போட்டியா? அது 2017 அக்டோபர் 15ஓட செல்லாமப் போச்சு, 12 பக்கம் உள்ள புதுசு தான் போடணும். நான் வந்த மொத 4 மாசம் மெஷின் பக்கமே போகல, குளிக்கிற தொட்டியில போட்டு கொழுந்து மிதிக்கிற மாதிரி மிதிச்சுத் தான் துவைச்சேன், ஹீட்டர் மேல காயப்போட்டு செவுரெல்லாம் பூஞ்சணம் புடிச்சு வீட்டுக்காரன் அட்வான்ஸ்ல கழிச்சுட்டான். இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

நானுஓயா தம்பி:
100 யென் காசு மட்டும் போடுங்க அக்கா. 1000 நோட்டு மாத்துற மெஷின் பக்கத்துலயே நிக்கும்.

பதுளைக்காரி:
அந்தப் புள்ள எந்த நாடுனே சொல்லல அதுக்குள்ள ஒருத்தர் பவுண்டுங்குறாரு ஒருத்தர் யென்னுங்குறாரு. என்னயக் கேட்டா மெஷினே வேணாம்மா, ஒரு வாளி வாங்கி கையால துவைச்சுக்க. நம்ம பீலிக்கரையில கல்லுல அடிச்சுத் துவைக்காத துணியா.

ஹட்டன்காரன் லண்டன்:
துவைக்கலாம் அக்கா, காயணுமே. நம்ம பக்கம் ஆனி ஆடியில ஒரு வாரம் கெடந்தாலும் காயாது, அடுப்புக்கு மேல கட்டி புகை வாசத்தோடயே ஸ்கூலுக்குப் போனவன் நான்.

பதுளைக்காரி:
அது ஒங்க ஹட்டன்ல. எங்க பக்கம் அந்த மாசம் காத்தும் வெயிலும், ரெண்டு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சுரும், மழையெல்லாம் ஐப்பசி கார்த்திகையில தான்.

லிந்துல மாமா:
இங்க ஒரு தடவ துவைச்சுக் காய வைக்கிற சல்லிய ரூபாவுல கணக்குப் பாத்தா நெஞ்சு அடைக்குது. எங்க ஆத்தா கொழுந்து பறிச்ச நாள் சம்பளத்த 1000 ரூபா ஆக்கச் சொல்லி எத்தன வருசம் ரோட்டுல நின்னோம், 2021ல தான் வந்துச்சு. அதுலயும் கிலோ கொறஞ்சா அரைப்பேரு, பாதிச் சம்பளம் தான். அத இங்க ஒரு பொட்டி முழுங்குது. போன வாரம் ரெண்டு நிமிசம் லேட்டாப் போனேன், எவனோ என் ஈர உடுப்ப அள்ளித் தரையில வச்சுட்டான், அதுல என் கம்பளியும் இருந்துச்சு.

பொகவந்தலாவ புள்ள:
ஐயோ சொல்ல மறந்துட்டேன் மன்னிச்சுக்கங்க. கனடா, ஸ்காபரோ. மாமா எனக்கு அழுகையா வருது, கதவத் தொறந்தா தண்ணி கொட்டுமோன்னு பயமா இருக்கு.

தலவாக்கல அண்ணன்:
அழாத தங்கச்சி. மெஷின் ஓடவே இல்லைன்னா தண்ணி எங்கருந்து வரும், கதவும் லாக் ஆகியிருக்காது, இழுத்துப் பாரு. அப்புறம் சல்லி வைக்கிற எடத்த ஒரு போட்டோ போடு.

பொகவந்தலாவ புள்ள:
தொறந்துருச்சு!!! போட்டோ போட்டிருக்கேன் அண்ணே.

தலவாக்கல அண்ணன்:
நெனச்சேன். டாலர் காசு வைக்கிற பள்ளத்துல 25 சதத்த வச்சிருக்க பாரு, ரெண்டுக்கும் 3 மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல, அதுல விழுந்து படுத்துக்கும் ஆனா தள்ள விடாது. அந்த சல்லி வைக்கிற தட்ட முழுசா வெளிய இழுத்து எல்லாத்தையும் எடு, பெரிய பள்ளத்துல டாலர், சின்னதுல 25 சதம், ஒரு பள்ளம் கூட காலியா இருக்கக் கூடாது, அதுக்கப்புறம் ஒரே தள்ளா கடைசி வரைக்கும் தள்ளு, அரைவாசியில நிறுத்தாத. ரெண்டு டாலர் காசு அதுல போகாது. அமெரிக்கக் காசும் கலந்து வரும் பாத்துக்க. அப்படியும் சிக்கினா அடிக்காத, மெஷின்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும், அதுக்கு ஃபோன் பண்ணு, இல்லாட்டி காலையில சூப்பர்கிட்ட, அதான் பில்டிங்கப் பாத்துக்குறவர்கிட்ட சொல்லு. நாளைக்கு பேங்குல 25 சதம் ஒரு ரோல் கேளு, 40 காசு 10 டாலர், டாலர் ரோல்னா 25 காசு. கடை கடையா சில்லறைக்கு அலையத் தேவல்ல.
ஆமா தூள் எவ்வளவு போட்ட?

பொகவந்தலாவ புள்ள:
ஒரு கப்பு

தலவாக்கல அண்ணன்:
அடியே. முன்பக்கம் கதவு உள்ள மெஷினுக்கு ரெண்டு மேசைக்கரண்டி போதும், பாக்கெட்டுல ஹெச்.ஈ.ன்னு போட்டிருக்கானு பாரு, அது நொர கொறைவா வர்ற தூள். மீதிய ஒதறி எடுத்துரு, இல்லைன்னா நொர பொங்கி நீ யூனிஃபார்ம தேடணும்.

பொகவந்தலாவ புள்ள:
தள்ளிட்டேன், தண்ணி விழுற சத்தம் கேக்குது அண்ணே!! 32 நிமிசம் காட்டுது. காய வைக்கிறதுக்கும் தனியா சல்லி போடணுமா? எங்கிட்ட இப்ப 3 காசு தான் இருக்கு

லிந்துல மாமா:
நான் சொன்னேன்ல.

பதுளைக்காரி:
யூனிஃபார்ம மட்டும் எடுத்து ஒரு காஞ்ச டவல்ல சுத்தி நல்லா முறுக்கிப் புழி, ஹீட்டருக்குப் பக்கத்துல நாற்காலியில போடு, மேல போடாத. காலையில காஞ்சுரும்.