நிகோட்டின் கம் போட்டும் சிகரெட் விடவில்லை என்பவர்களுக்கு

மருந்தாளுநர்

"கம் மென்று பார்த்தாச்சு, விக்கல்தான் மிச்சம்" என்று, சிகரெட் ஆசையைத் தணிக்க நிகோட்டின் கம் போட்டுவிட்டு வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்படி மென்றீர்கள் என்பதைத்தான். முக்கால்வாசிப் பேர் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றிருப்பார்கள். அப்படிச் செய்தால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். அங்கிருந்து ரத்தத்தில் ஏறுவதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கையில் நிற்பது விக்கலும் நெஞ்செரிச்சலும். கன்னத்தின் உட்புறம் வழியாக ஏற வேண்டிய மருந்து இது.

மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் சுரீரென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் திரும்ப நாலைந்து முறை மென்று, அடுத்த பக்கம் ஒதுக்குங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். வாயில் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா வேண்டாம். வாயில் அமிலம் கூடினால் மருந்து ஏறாது. பல்செட் வைத்தவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும், அவர்கள் நிகோட்டின் உள்ள சப்பும் மாத்திரைக்கு மாறலாம்.

காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு, நாளைக்கு 24-ஐத் தாண்டக்கூடாது. 7 முதல் 9-ஆம் வாரம் வரை 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, 10 முதல் 12 வரை 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. நாளைக்கு மூன்று துண்டு போட்டுவிட்டு "வேலை செய்யல" என்றால் எப்படிங்க?

புகை நிறுத்த ஆலோசகர்

மேலே சொன்னதோடு ஒன்று. சிகரெட்டின் நிகோட்டின் 10–20 விநாடியில் மூளைக்குப் போய்விடும். கம் அந்த வேகத்துக்கு வரவே வராது. ஆசை தலைக்கேறிய பிறகு போட்டால் ஏமாற்றம்தான். சாப்பாடு முடிந்ததும் கை சிகரெட்டைத் தேடும் என்று தெரிந்தால், காத்திருக்காமல் சாப்பிட்ட கையோடு போட்டுவிட வேண்டும்.

கம் மட்டும் போதாதவர்களுக்குப் பேட்சும் (தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை) கம்மும் சேர்ந்தால் பலன் கூடும். நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் 21 மி.கி. பேட்ச் 6 வாரம், அப்புறம் 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். முடி இல்லாத, உலர்ந்த தோலில், தினமும் வேறு இடத்தில் ஒட்டுங்கள். கெட்ட கனவு வந்தால் இரவில் எடுத்துவிடலாம். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று பேட்சைப் பிய்த்து எறிகிறார்கள். பிய்க்காதீர்கள், அன்றைக்கே நிறுத்தும் முயற்சியைத் தொடருங்கள்.

மனநலப் பிரிவுச் செவிலியர்

பலருக்குத் தெரியாத விஷயம். புகையில் உள்ள தார்ப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். சிகரெட்டை நிறுத்தினால் அந்த முடுக்கம் சில நாளில் அடங்கிவிடும். அந்த நொதி சிதைக்கிற மருந்துகளெல்லாம் உடம்பில் தேங்கத் தொடங்கும்: மனநோய்க்கான குளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின். அளவைக் குறைக்காவிட்டால் தூக்கக் கலக்கம், படபடப்பு, வலிப்பு வரை போகலாம். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இது நிகோட்டினால் வருவதல்ல, அதனால் பேட்ச் ஒட்டியிருந்தாலும் நடக்கும்.

காபிக்கும் இதே கதைதான். அதே நாலு கப் குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாவற்றையும் "சிகரெட் விட்டதால்" என்று எழுதிவிடுவார்கள். காபியைப் பாதியாக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நுரையீரல் பிரிவு

"ஒன்றே ஒன்றுதான் பிடிக்கிறேன்" என்பதற்கு வருகிறேன். புற்றுநோய்க்கு எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தும் குறையும். இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாளைக்கு 20 பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி, ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு. 'லைட்' சிகரெட்டும் ஏமாற்று. வடிகட்டியில் உள்ள நுண்துளைகளை உதடும் விரலும் அடைத்துவிடும், ஆளும் ஆழமாக இழுப்பார்.

"இத்தனை வயசுக்கு மேல விட்டு என்ன?" என்பவர்களுக்கு: பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், 50 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 6 ஆண்டும், 60-இல் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டும் ஆயுள் கூடியது.

விட்ட சில வாரம் இருமல் கூடினால் பயப்பட வேண்டாம், மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் சளியை மேலே தள்ளுகின்றன. ரத்தம் வந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ காட்டிவிடுங்கள்.

புகை நிறுத்த ஆலோசகர்

வீட்டாருக்கு: சட்டைப்பையைச் சோதிப்பதும், கறுத்த நுரையீரல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் ஒளிந்து பிடிக்கத்தான் கற்றுக்கொடுக்கும். "எந்த நேரத்துல விடறது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்த நேரத்தை மாற்ற உதவுங்கள். வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் யாரும் பிடிக்கக்கூடாது என்ற விதி விருந்தாளிக்கும் பொருந்த வேண்டும். ஜன்னலைத் திறப்பது போதாது. பிள்ளைகளிடம் நாற்பது வருஷம் கழித்து வரும் புற்றுநோயைவிட ஓட்டத்தில் வாங்கும் மூச்சும் வாய் நாற்றமும் எடுபடும்.

மருந்தாளுநர்

விட்டுப்போனது: மென்ற கம்மிலும் கழற்றிய பேட்சிலும் நிகோட்டின் மிச்சம் இருக்கும், குழந்தைக்கும் நாய்க்கும் விஷம். கம்மைத் தாளில் சுற்றி, பேட்சை ஒட்டும் பக்கம் உள்ளே மடித்து, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.